மாடிப்படி பல்பு ஏன் எட்டு மாசத்துல செத்துப் போச்சு?

(பாட்காஸ்ட் எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோடுல ஆர்டுயினோ வச்சு செடிக்குத் தண்ணி ஊத்துறதைப் பத்திப் பேசினோம். இன்னிக்கு அதைவிட ரொம்பச் சாதாரணமான ஒரு பொருள். உங்க தலைக்கு மேல இப்போ அனேகமா எரிஞ்சுட்டு இருக்கும். எல்.இ.டி. பல்பு.

இதைப் பத்தி ஏன் ஒரு முழு எபிசோடு? காரணம் என் பாட்டி. எங்க வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாடிப்படி திரும்புற இடத்துல ஒரு பல்பு உண்டு, அது ராத்திரி முழுக்க எரியும். போன வருஷம் ஒரு சாயங்காலம் பாட்டி கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது அந்தப் பல்பு எரியல. கடைசி இரண்டு படி கண்ணுக்குத் தெரியாம கால் வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. எலும்பு எதுவும் உடையல, நல்லவேளை. ஆனா ஒரு வாரம் இடுப்புல ஒத்தடம். அந்த ஒரு வாரமும் என்கிட்ட ஒரே கேள்விதான்: "ஏண்டா, நீதான் எலக்ட்ரானிக்ஸ் எலக்ட்ரானிக்ஸ்னு ராத்திரி பூரா ஈயம் உருக்கறியே, ஒரு பல்பு எரியுதான்னு பார்க்க மாட்டியா?"

நியாயமான கேள்வி. அந்தப் பல்பை வாங்கி மாட்டினதே நான்தான். அட்டைப்பெட்டியில 25,000 மணி நேரம்னு போட்டிருந்துச்சு. போன ஒரு வாரமா அது லேசா துடிச்சுட்டு இருந்ததும் எனக்குத் தெரியும். "பார்த்துக்கலாம்"னு விட்டுட்டேன். சரி, எதனால செத்ததுன்னாவது தெரிஞ்சுக்கலாம்னு திறந்து பார்த்தேன்.

பெட்டியில இருக்கிற அந்த எண் என்ன சொல்லுது?

முதல்ல கணக்கு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரிஞ்சா 25,000 மணி நேரம் என்பது பதினோரு வருஷத்துக்கு மேல. எங்க மாடிப்படி பல்பு ராத்திரிக்கு 12 மணி நேரம் எரியும். அப்படியே பார்த்தாலும் அஞ்சரை வருஷத்துக்கு மேல வரணும். எங்களுது எட்டு மாசம். அதாவது 2,900 மணி நேரம்கூட ஓடல.

அப்போ கம்பெனி பொய் சொல்லுதா? இங்கதான் விஷயம் சுவாரசியமா இருக்கு. எல்.இ.டி.யோட ஆயுளை அளக்கறதுக்கு எல்.எம்-80 என்று ஒரு சோதனை முறை இருக்கு. அதுல பல்பை வச்சுச் சோதிக்க மாட்டாங்க. உள்ள இருக்கிற எல்.இ.டி. சில்லை மட்டும் எடுத்து, குறிப்பிட்ட வெப்பநிலையில, குறைஞ்சது 6,000 மணி நேரம் தொடர்ந்து எரிய விடுவாங்க. அதோட வெளிச்சம் எவ்வளவு குறையுதுன்னு அப்பப்போ அளந்து எழுதி வைப்பாங்க. அப்புறம் டி.எம்-21 என்ற இன்னொரு முறைப்படி, அந்தக் கோடு இதே மாதிரி போனா எப்போ வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும்னு கணக்குப் போடுவாங்க. போதுமான மாதிரிகளைச் சோதிச்சிருந்தா, சோதிச்ச நேரத்தைப் போல ஆறு மடங்கு வரைக்கும் நீட்டிச் சொல்லலாம். 6,000 மணி நேரம் சோதிச்சா 36,000 மணி நேரம் வரைக்கும் சொல்லலாம்.

கவனிச்சீங்களா? அந்த முறை பதில் சொல்ற கேள்வி, "சில்லு எப்போ மங்கும்?" நாம கேட்கிற கேள்வி, "பல்பு எப்போ அணையும்?" இரண்டும் வேற வேற. உங்க வீட்டுல எல்.இ.டி. பல்பு மெதுவா மங்கி மங்கி, வயசாகிச் செத்ததை எப்பவாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்ல. ஒண்ணு துடிக்கும், இல்லைன்னா பட்டுனு அணையும். அதுக்குக் காரணம் பெரும்பாலும் வேற இடத்துல இருக்கு.

பல்புக்குள்ள ஒரு பயணம்

மேல இருக்கிற பால் வெள்ளை மூடியை நெம்பி எடுத்தா, அடியில ஒரு வட்டமான அலுமினியத் தட்டு. அது மேல மஞ்சள் புள்ளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் எல்.இ.டி.கள். எங்க பல்புல பன்னிரண்டு இருந்துச்சு. பன்னிரண்டும் தொடர் இணைப்பு. திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் செட் ஞாபகம் இருக்கா? ஒரு குட்டி பல்பு போச்சுன்னா மொத்த வரிசையும் இருட்டாகிடுமே, அதே கதைதான். பன்னிரண்டுல ஒண்ணு கருகினா மத்த பதினொண்ணும் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

தட்டுக்குக் கீழ ஒரு சின்ன சர்க்யூட். அதுக்குப் பேர் டிரைவர். வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் ஏ.சி. கரன்ட்டை, எல்.இ.டி.க்கு ஏத்த மாதிரி சீரான டி.சி. கரன்ட்டா மாத்தித் தர்றது அதோட வேலை. நாலு டயோடு சேர்ந்த பாலம் ஒண்ணு, ஒரு ஐ.சி., ஒரு காயில், இரண்டு மூணு ரெசிஸ்டர், அப்புறம் குட்டி டப்பா மாதிரி ஒரு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

என் பல்புல அந்தக் கெப்பாசிட்டரோட தலை வீங்கியிருந்துச்சு. கேஸ் முடிஞ்சது.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள்ள எலக்ட்ரோலைட்னு ஒரு திரவம் இருக்கும். சூட்டுல அது மெல்ல மெல்ல வற்றும். கெப்பாசிட்டர் மேலேயே அதோட வெப்ப அளவு போட்டிருப்பாங்க. சாதாரணமா கிடைக்கிற ஒண்ணுல 105 டிகிரின்னு இருக்கும். அந்தச் சூட்டுல 2,000 மணி நேரம் தாங்கும்னு வச்சுக்குவோம். இதுக்கு ஒரு அனுபவ விதி உண்டு: பத்து டிகிரி குறைஞ்சா ஆயுள் இரண்டு மடங்காகும். 95 டிகிரியில 4,000 மணி நேரம். 85 டிகிரியில 8,000. 75 டிகிரியில 16,000. பெட்டியில போட்ட எண்ணும் நிஜ வாழ்க்கையும் பிரியுற இடம் இதுதான். ஒரே பல்பு. காத்தோட்டமா தொங்கினா ஏழு வருஷம் வரலாம், மூச்சு முட்டுற இடத்துல வச்சா ஒரு வருஷம்கூட வராது.

"எல்.இ.டி.தான் சூடே ஆகாதே"ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பழைய குண்டு பல்போட ஒப்பிட்டா மொத்தச் சூடு ரொம்பக் கம்மி, உண்மை. ஆனா குண்டு பல்பு தன் சூட்டைப் பெரும்பாலும் கதிரா வெளியே வீசிடும். உள்ள சூட்டால கெடக்கூடிய நுட்பமான பாகமும் எதுவும் இல்ல. எல்.இ.டி.யால அப்படி வீச முடியாது. வாங்கற மின்சாரத்துல பாதிக்கு மேல சூடாத்தான் மாறுது, அந்தச் சூடு தட்டு வழியா, பின்பக்கமா, அந்தக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிற கழுத்து வழியாத்தான் வெளிய போயாகணும்.

இப்போ என் தப்பு. மாடிப்படியில வெறும் ஹோல்டரா இருக்கேன்னு, அழகா இருக்கட்டும்னு, ஒரு உருண்டைக் கண்ணாடிக் கூண்டு வாங்கி மாட்டினது யாரு? நான்தான். முழுக்க மூடின கூண்டு. அதுக்குள்ள 12 வாட் பல்பு. அப்புறமா அதே மாதிரி இன்னொரு பல்பை அதே கூண்டுல போட்டு, இரண்டு மணி நேரம் கழிச்சு மல்டிமீட்டரோட வெப்ப முனையைப் பல்போட கழுத்துல ஒட்டி வச்சுப் பார்த்தேன். வெளிப்பக்கமே 84 டிகிரி. உள்ள இன்னும் அதிகமாத்தான் இருந்திருக்கும். பல்புக்கு எட்டு மாச ஆயுளை முடிவு பண்ணதுல கம்பெனிக்கு ஒரு பங்கு இருந்தா, எனக்கும் ஒரு பங்கு இருக்கு. மூடின கூண்டுல போடாதீங்கன்னு பெட்டியில இருந்துச்சான்னு பார்த்தேன். இருந்துச்சு. எறும்பு அளவு எழுத்துல.

இது சதியா?

இந்த மாதிரிப் பேச ஆரம்பிச்சா உடனே ஒருத்தர் ஃபீபஸ் கார்ட்டெல் பத்திச் சொல்லுவார். அது கட்டுக்கதை இல்ல, நடந்த கதை. 1924இல் ஆஸ்ரம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் ஒரு கூட்டணி போட்டன. யார் எந்தச் சந்தையில் எவ்வளவு விற்கலாம்னு பிரிச்சுக்கிட்டாங்க. அதோட, பல்போட ஆயுள் 1,000 மணி நேரம்தான் இருக்கணும்னும் வச்சாங்க. அதைத் தாண்டி எரியற பல்பு செஞ்ச தொழிற்சாலைக்கு அபராதம். இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் அந்தக் கூட்டணி கலைஞ்சது.

ஆனா இதுல ஒரு பாதியைத்தான் எல்லாரும் சொல்றாங்க. குண்டு பல்புல இழை எவ்வளவு சூடாகுதோ அவ்வளவு நல்லா வெளிச்சம் தரும், ஆனா சீக்கிரம் அறுந்துடும். இழையைக் கொஞ்சம் குளிர்ச்சியா ஓட்டினா ரொம்ப நாள் வரும், ஆனா அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கம்மி. அமெரிக்காவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்துல 1901ஆம் வருஷத்துப் பல்பு ஒண்ணு இன்னும் எரியுது, கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட வெளிச்சத்துல செய்தித்தாள் படிக்க முடியாது. இரவு விளக்கு மாதிரி ஒரு மினுக்கு. குண்டு பல்புல ஆயுளும் வெளிச்சமும் எதிரும் புதிருமா நிக்கும். அதனால 1,000 மணி நேரம் என்பது பேராசையோட சேர்த்து, கொஞ்சம் பொறியியலும்தான்.

எல்.இ.டி.யில இந்தச் சாக்கு செல்லாது. என் முக்கியமான வாதமே இதுதான். எல்.இ.டி.யைக் கம்மியான கரன்ட்டுல ஓட்டினா ஆயுளும் கூடும், ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கிற வெளிச்சமும் கூடும். இரண்டும் ஒரே பக்கம்தான் போகுது. ஒரே செலவு, அதே வெளிச்சம் வேணும்னா இன்னும் சில சில்லுகளைச் சேர்க்கணும். செய்ய முடியுமான்னா, செஞ்சே காட்டிட்டாங்க. துபாய் நகராட்சியோட சேர்ந்து பிலிப்ஸ் 2016இல் "துபாய் லேம்ப்" என்று ஒண்ணு கொண்டுவந்தது. வழக்கத்தைவிட அதிக எல்.இ.டி. இழைகள், ஒவ்வொண்ணுலயும் குறைவான கரன்ட். ஒரு வாட்டுக்கு 200 லூமன் வரைக்கும் வெளிச்சம். நம்ம சாதாரணப் பல்புல ஒரு வாட்டுக்குச் சுமாரா 100 லூமன்தான். தொழில்நுட்பம் இருக்கு. நம்ம கடையில பத்து ரூபா கம்மியா இருக்கிற பல்பைத்தான் நாம எடுக்கறோம், அதனால அதைத்தான் செய்யறாங்க.

நான் எல்.இ.டி.க்கு எதிரி இல்ல. 60 வாட் குண்டு பல்பு தர்ற வெளிச்சத்தை 9 வாட்டுல தர்றது சாதாரண விஷயமா? மாடிப்படியில ராத்திரி முழுக்க எரிஞ்சா குண்டு பல்புக்கு 0.72 யூனிட், இதுக்கு 0.11 யூனிட்தான். சி.எஃப்.எல்.ல இருந்த பாதரசம் இதுல இல்ல. 2015 ஜனவரியில ஆரம்பிச்ச உஜாலா திட்டத்துல மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல எல்.இ.டி. பல்பு கொடுத்திருக்காங்க. மொத்தமா வாங்கினதால விலையும் தடாலடியா இறங்குச்சு. இது நிஜமான சாதனை. என் கவலை அதுக்கு அடுத்த படி. அத்தனை கோடி பல்புலயும் பத்துப் பைசா பாகம் ஒண்ணு போனதுக்காக, நல்லா இருக்கிற அலுமினியம், எல்.இ.டி., பிளாஸ்டிக் எல்லாத்தையும் சேர்த்துக் குப்பையில போடறோமே, அதான்.

ரிச்சி ஸ்ட்ரீட் சொல்லிக் கொடுத்த பாடம்

அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோடு பக்கத்துல, சென்னையில எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். நான் பத்தாவது படிக்கும்போது 555 டைமர் ஐ.சி. வாங்க முதல்முதலா போனது அங்கதான். ஒரு கடையில செத்த பல்பைக் காட்டினேன். அண்ணன் அதைக் கையில வாங்கிக்கூடப் பார்க்கல. "தட்டு மட்டும் போதுமா தம்பி, டிரைவரோட வேணுமா?"ன்னார்.

அவர் கேட்டதுல ஒரு முழுத் தொழிலே இருக்கு. தட்டு தனி, டிரைவர் தனி, மூடி தனி, பின் தலை தனின்னு எல்லாமே உதிரியா கிடைக்குது. ஊர் ஊரா சின்னச் சின்ன இடத்துல உட்கார்ந்து இதை வச்சே பல்பு செய்யறவங்க இருக்காங்க, ரிப்பேர் செய்யறவங்களும் இருக்காங்க. நாம "யூஸ் அண்ட் த்ரோ"ன்னு முடிவு பண்ணின பொருளை அவங்க அப்படிப் பார்க்கல.

"எது அண்ணே ரொம்ப நாள் வரும்?"னு கேட்டேன். அவர் இரண்டு தட்டை எடுத்து வச்சார். ஒண்ணுல டிரைவரும் எல்.இ.டி.யும் ஒரே தட்டுல. டி.ஓ.பி.ன்னு சொல்லுவாங்க. விலை கம்மி. ஆனா மிச்ச வோல்ட்டேஜை எல்லாம் சூடாவே கழிக்கும், அந்தச் சூடும் அதே தட்டுலதான் சேரும். இன்னொண்ணுல டிரைவர் தனியா, காயில் வச்சது. "இது கொஞ்சம் காசு ஜாஸ்தி. ஆனா நீங்க திரும்ப என்கிட்ட வர நாளாகும்"ன்னார். அவர் நல்ல வியாபாரியா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. நல்ல மனுஷன்.

வீட்டுல வந்து இன்னொரு விஷயமும் செஞ்சு பார்த்தேன். தனி டிரைவர் இருக்கிற பல்புகள்ல ஐ.சி. பக்கத்துல பெரும்பாலும் இரண்டு குட்டி ரெசிஸ்டர் பக்கவாட்டுல இருக்கும். எல்.இ.டி.க்கு எவ்வளவு கரன்ட் போகணும்னு தீர்மானிக்கிறது அந்த ஜோடிதான். அதுல ஒண்ணைக் கழற்றினா கரன்ட் குறையும். 9 வாட் பல்பு ஒண்ணுல அப்படிச் செஞ்சேன். 5 வாட் கிட்ட இறங்குச்சு. வெளிச்சம் கொஞ்சம் கம்மி, ஆனா மாடிப்படிக்கு அது தாராளம். கழுத்தைத் தொட்டா வெதுவெதுப்பு மட்டும்தான்.

கொஞ்சம் நில்லுங்க

இதைக் கேட்டுட்டு உடனே ஸ்க்ரூடிரைவர் எடுத்துடாதீங்க. மூணு விஷயம்.

ஒண்ணு. "எல்.இ.டி. மூணு வோல்ட்தானே"ன்னு நினைச்சு எரியற பல்போட தட்டைத் தொடாதீங்க. இந்த டிரைவர்கள்ல பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி தடுப்பு எதுவும் கிடையாது. அந்தத் தட்டுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் நேரா மெயின்ஸோட தொடர்புல இருக்கு. தொட்டா சுவிட்ச் போர்டுல கையை விட்ட மாதிரிதான்.

இரண்டு. சுவிட்சை அணைச்சு, ஹோல்டர்ல இருந்து கழற்றின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும். 230 வோல்ட் ஏ.சி.யோட உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த உச்சத்துக்குத்தான் அது நிரம்பியிருக்கும். எனக்கு ஒரு தடவை ட்வீசர் முனையில பளீர்னு தீப்பொறி வந்துச்சு. அதுக்கப்புறம், ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பார்த்துட்டுத்தான் கையே வைப்பேன்.

மூணு. கருகின எல்.இ.டி.யை ஒரு சொட்டு ஈயம் வச்சு ஷார்ட் பண்ணினா பல்பு திரும்ப எரியும்னு நிறைய வீடியோ வருது. எரியும்தான். ஆனா மத்த பதினொண்ணும் அதே சூட்டுல அதே அளவு வெந்தவை. அடுத்தது எதுன்னுதான் கேள்வி. டி.ஓ.பி. தட்டா இருந்தா மிச்ச வோல்ட்டேஜ் ஐ.சி. மேல ஏறி அது இன்னும் சூடாகும். மேஜையில கத்துக்கறதுக்கு சரி. பாட்டி நடக்கிற மாடிப்படிக்கு வேண்டாம். புதுத் தட்டா மாத்துங்க.

அப்போ என்ன செய்யலாம்?

மூடின கூண்டுல பெரிய வாட் பல்பு போடாதீங்க. போட்டே ஆகணும்னா சின்ன வாட்டா போடுங்க. பல்புல பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கான்னு பாருங்க. அப்புறம் என்னோட இரண்டு ரூபா டெக்னாலஜி: பல்பு மாட்டும்போது கழுத்துல மார்க்கர் பேனாவால தேதி எழுதுங்க, பில்லைப் போட்டோ எடுத்து வைங்க. நிறைய பல்புக்கு இரண்டு வருஷ வாரன்டி இருக்கு. எப்போ வாங்கினோம்னு நமக்கே தெரியாததாலதான் யாரும் அதைக் கேட்கறதில்ல. நாலு பேர் போய் மாத்திக் கேட்டாத்தான், மலிவான கெப்பாசிட்டர் போடறது கம்பெனிக்கு நஷ்டக் கணக்குல வரும்.

ஆனா எல்லாத்தையும் நம்ம தலையிலயே போட்டுக்கறதும் சரியில்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 செப்டம்பர்ல இருந்து ஒரு விதி இருக்கு. விளக்குச் சாதனத்துக்குள்ள இருக்கிற எல்.இ.டி.யையும் டிரைவரையும், சில விதிவிலக்குகள் தவிர, சாதாரணக் கருவியால, சாதனத்தைப் பாழாக்காம கழற்ற முடியணும். நம்ம ஊர்ல மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சு, அதே வருஷக் கடைசியில ஒரு இணையதளமும் தொடங்குச்சு. போன், கார், டிராக்டர் பத்தி அதுல பேசறாங்க, சந்தோஷம். பல்பு பத்தியும் பேசணும்னு நான் நினைக்கறேன். ஏன்னா எல்லா வீட்டுலயும் இருக்கிற எலக்ட்ரானிக் பொருள் அதுதான்.

பெட்டியில 25,000 மணி நேரம்னு போடறதோட, "மூடின கூண்டுல இத்தனை மணி நேரம்"னு இன்னொரு எண்ணும் அதே அளவு எழுத்துல போடட்டும். அவ்வளவுதான் நான் கேட்கறது.

மாடிப்படிக் கதைக்கு வர்றேன். கண்ணாடிக் கூண்டைக் கழற்றிட்டேன். பார்க்க அழகா இல்லதான். வெறும் ஹோல்டர்ல கடையில வாங்கின 5 வாட் பல்பு. நான் மாத்தி வச்ச பல்பை அங்க போடல, அது என் மேஜை விளக்குல இருக்கு. பதினாலு மாசமா மாடிப்படி பல்பு எரியுது. ஒரே ஒரு பல்பை வச்சு எதையும் நிரூபிச்சுட முடியாது, தெரியும். அதனால படியோட கீழ்ப்பக்கம் இரண்டாவதா ஒரு பல்பும் மாட்டியிருக்கேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்.

பாட்டிகிட்ட கெப்பாசிட்டர், பத்து டிகிரி விதி எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "சரி, துடிக்க ஆரம்பிச்சா மாத்திடு. பார்த்துக்கலாம்னு சொல்லாதே"ன்னாங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டுல ஏதாவது பல்பு துடிச்சுட்டு இருந்தா, இன்னிக்கே மாத்திடுங்க.